வண்டிக்கும் ஒரு டி.சி. உண்டு!

குடும்பத்தோடு ஊர் மாறுகிறோம் என்றால் நாம் என்னென்ன பார்க்கிறோம்? குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்குகிறோம். காஸ் சிலிண்டரை ஒப்படைத்து ரசீது வாங்குகிறோம். பால்காரர் பாக்கி, ரேஷன் கார்டு, ஊறுகாய் ஜாடி உடையாமல் பழைய புடவையைச் சுற்றுவது, எல்லாம் நம் தலையில்தான். வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிளை மட்டும், "அது ஆம்பிளைங்க விவகாரம்" என்று விட்டுவிடுகிறோம். அதுபாட்டுக்கு லாரியில் ஏறி வந்து, பழைய ஊர் நம்பரோடு புது வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

அந்த நம்பரைப் பற்றித்தான் சகோதரிகளோடு கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன். அலுப்பான விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். எங்கள் தெருவில் இரண்டு குழந்தைகளின் தாய் ஒருத்தி, இந்த விவரம் தெரியாததால் தன் வண்டியை அடிமாட்டு விலைக்கு விற்க இருந்தாள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சானமாவு. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலைப் பக்கம், காட்டை ஒட்டிய ஊர். குளிர்காலம் வந்தால் கர்நாடகக் காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டம் வந்து சானமாவுக் காட்டில் தங்கிவிடும். கேழ்வரகும் தக்காளியும் அவற்றுக்கு விருந்து. அந்த நாட்களில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் நடந்து போக மாட்டார்கள். ஆகவே இங்கே வண்டி என்பது பகட்டுக்கு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓசூருக்கு ஓட வேண்டும்.

எல்லையும் பக்கம். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகம். இங்கிருந்து பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வருகிறவர்களும் உண்டு. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய பெரிய கம்பெனிகள் இருக்கிற ஊராயிற்றே! அதனால் எங்கள் தெருவில் நாலு வண்டி நின்றால் அதில் ஒன்றாவது 'கே.ஏ.' என்று ஆரம்பிக்கும்.

நாங்கள் பதினோரு வருஷம் சந்தாபுராவில் குடியிருந்தோம். 2023 மே மாதம் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார்கள். உடனே மூட்டை கட்டிக்கொண்டு சானமாவுக்கே வந்துவிட்டோம். எங்கள் மோட்டார் சைக்கிள் 2017-இல் கடனில் வாங்கியது. கே.ஏ. 51 நம்பர்.

"இந்தியா முழுக்க ஒரே நாடுதானே, எந்த நம்பரா இருந்தா என்ன?" என்றார் இவர். அதில் பாதி சரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வண்டியை இந்தியாவில் எங்கும் ஓட்டலாம் என்று அதன் 46-ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த பிரிவே, அதாவது 47, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலத்தில் புது நம்பர் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்கிறது. விருந்தாளியாக வந்து போகலாம். குடியிருப்பதானால் பெயரைப் பதிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிவு வேறு, வரி வேறு. பதிவுச் சட்டம் மத்திய அரசுடையது. சாலை வரியை வசூலிப்பது அந்தந்த மாநிலம். நாம் கர்நாடகத்துக்குக் கட்டிய ஆயுள் வரி தமிழ்நாட்டில் செல்லாது. இங்கே மறுபடி கட்ட வேண்டும். "ரெண்டு தரம் வரியா!" என்று மலைக்க வேண்டாம். அங்கே கட்டியதில் மீதிக் காலத்துக்கு உண்டான பங்கைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது.

ஒரே மாநிலத்துக்குள் மாறினால் இத்தனை வேலை கிடையாது. சேலத்திலிருந்து ஓசூருக்கு வந்தால் நம்பர் அப்படியே இருக்கும். முப்பது நாளுக்குள் படிவம் 33 கொடுத்து விலாசத்தை மாற்றினால் போதும்.

மாநிலம் மாறும்போதுதான் வண்டிக்கு டி.சி. வேண்டும். அதற்கு என்.ஓ.சி. என்று பெயர். தடையில்லாச் சான்று. பழைய பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் பாக்கி வைத்தால் டி.சி. கொடுப்பார்களா? இங்கேயும் அதே கதைதான். பழைய ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வரி பாக்கி இருக்கக் கூடாது. வண்டி மேல் திருட்டு வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் தரப்பிலிருந்து தகவல் வர வேண்டும். டிராஃபிக் அபராதம் இருந்தால் அதையும் கட்டித் தீர்த்துவிட வேண்டும். எங்கள் வண்டி மேல் சிக்னலில் கோட்டைத் தாண்டி நின்றதாக இரண்டு அபராதம் இருந்தது, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததும்தான் தெரிந்தது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எங்களைப் பாடாய்ப் படுத்தியது கடன்தான். 2020-லேயே கடைசித் தவணை கட்டியாயிற்று. ஆனால் ஆர்.சி.யில் அந்தக் கடன் கம்பெனியின் பெயர் அப்படியே உட்கார்ந்திருந்தது. கடன் அடைத்தால் அது தானாகப் போகாது. கம்பெனியும் நாமும் சேர்ந்து கையெழுத்திட்ட படிவம் 35-ஐ ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தால்தான் அந்தப் பெயர் நீங்கும். கம்பெனிக்காரர்கள் இருந்த இடத்தைக் காலி செய்துவிட்டு வேறு எங்கோ போயிருந்தார்கள். இன்று வா, நாளை வா என்று மூன்று முறை அலைய விட்டார்கள். நல்லவேளையாக, தவணை கட்டிய ரசீது எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய் மேஜை மேல் வைத்ததும்தான் காகிதம் நகர்ந்தது. உங்கள் வீட்டு வண்டிக் கடன் முடிந்திருந்தால், ஊர் மாறினாலும் மாறாவிட்டாலும், ஆர்.சி.யை இன்றைக்கே ஒரு தரம் எடுத்துப் பாருங்கள்.

பிறகு படிவம் 28. இதுதான் டி.சி. கேட்கும் விண்ணப்பம். இன்டர்நெட்டில் 'பரிவாஹன்' தளத்தில் ஆரம்பிக்க வேண்டும். பிளஸ் டூ படிக்கும் என் மகள் பத்து நிமிஷத்தில் செய்துவிட்டாள். அச்செடுத்த படிவத்தில் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுக்கச் சொல்வார்கள். சின்ன வயதில் காசு மேல் காகிதத்தை வைத்துத் தேய்ப்போமே, அதேதான்! நம்பர் ஹேண்டில்பார் கழுத்துப் பக்கம் வெட்டியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு மெல்லிய தாளை வைத்துத் தேய்த்தால் அழகாக விழும்.

அந்தப் படிவத்தில் எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வண்டியைக் கொண்டு போகிறோம் என்று எழுத வேண்டும். இங்கே கவனம் வேண்டும். நம் மாவட்டம் கிருஷ்ணகிரி. 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. மாவட்டப் பெயரைப் பார்த்துக் கிருஷ்ணகிரி என்று எழுதிவிட்டால் டி.சி. டி.என். 24-க்குப் போய்விடும். நமக்கு வேண்டியது ஓசூர், டி.என். 70. ஆதார் அட்டையில் புது விலாசம் ஏறியிருக்கிறதா என்று முன்னாடியே பார்த்துக்கொள்வதும் நல்லது.

"எட்டாயிரம் குடுங்கம்மா, வீட்ல உக்காந்திருங்க, எல்லாம் முடிச்சுத் தரேன்" என்றார் ஒரு புரோக்கர். எட்டாயிரமாவது! அந்தப் பணத்துக்கு மூன்று மாத மளிகை சாமான் வந்துவிடும். நாமே போகலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

சட்டத்தில் நமக்கு அனுகூலமான ஒரு விஷயமும் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு ஆபீஸில் ரசீது தர வேண்டும். முப்பது நாளுக்குள் முடியாது என்று காரணத்தை எழுதித் தெரிவிக்கவில்லை என்றால், என்.ஓ.சி. கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. இது 48-ஆம் பிரிவு. அந்த ரசீதையோ, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருந்தால் அதன் ஒப்புகை அட்டையையோ, 'மறுப்பு எதுவும் எனக்கு வரவில்லை' என்ற உறுதிமொழியோடு சேர்த்துப் புது ஊரில் விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு இருபது நாளிலேயே என்.ஓ.சி. வந்துவிட்டது. ஆனாலும் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஓசூரில் கொடுக்க வேண்டியது படிவம் 27. கூடவே ஆர்.சி., என்.ஓ.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, விலாச அத்தாட்சி. வண்டி வாங்கிய பில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். விலையையும் வண்டியின் வயதையும் பார்த்துத்தான் வரி போடுவார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரியை மாற்றினார்கள். புது இரு சக்கர வண்டி ஒரு லட்சம் ரூபாய் வரை என்றால் விலையில் 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். பழைய வண்டிக்கு வயது கூடக் கூட விகிதம் குறையும்.

வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்கிறோமே, அவர் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் எல்லாம் ஒத்துப் பார்ப்பார். லைட், ஹாரன், கண்ணாடி எல்லாம் சரியாக இருக்கட்டும். காலை பத்து மணிக்குப் போனோம், மதியம் சோற்றுக்கு வீடு திரும்பிவிட்டோம்.

புது ஆர்.சி. கையில் தர மாட்டார்கள். 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் லைசென்ஸும் ஆர்.சி.யும் விரைவுத் தபாலில்தான் வருகின்றன. கதவு எண், பின்கோடு, போன் நம்பர் சரியாக இருக்க வேண்டும். எங்கள் மாதிரிக் கிராமத்தில் இருப்பவர்கள் தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது உத்தமம்.

இனி, நான் முதலில் சொன்ன அந்தப் பெண்ணின் விஷயம்.

அவளுக்கு வயது இருபத்தெட்டு. ரோஜாத் தோட்டத்தில் பூக்கட்டு கட்டும் வேலை. புருஷன் அத்திப்பள்ளிப் பக்கம் வேலை பார்த்தவர். 2024 கடைசியில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு இரண்டு. வீட்டில் இருந்த ஒரே சொத்து ஒரு ஸ்கூட்டர். புருஷன் பெயரில், கே.ஏ. நம்பரில். விடிகாலையில் தோட்டத்துக்கு அதில்தான் போய்வந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஒருவர் வந்தார். "செத்தவர் பேர்ல இருக்கற வண்டி, அதுவும் வேற ஸ்டேட்டு. பேப்பர் செல்லாது. பிடிச்சா போலீஸ்தான். பத்தாயிரம் தரேன், குடுத்துரு" என்றார். நாற்பதாயிரமாவது போகும் வண்டி அது.

"அக்கா, என்ன பண்றது? குடுத்துரலாமா?" என்று அழுதுகொண்டு வந்தாள். நாங்கள் அப்போதுதான் இந்த ஆபீஸ் வாசலெல்லாம் மிதித்துவிட்டு வந்திருந்தோம். "அவசரப்படாதே, ரெண்டு நாள் பொறு" என்று சொல்லி, அடுத்த நாளே அவளை அழைத்துக்கொண்டு ஓசூர் போனேன்.

வண்டிச் சொந்தக்காரர் இறந்துபோனால், அதைத் தன் வசம் பெறும் வாரிசு மூன்று மாதம் வரை வண்டியைப் பயன்படுத்தலாம். ஆனால் இறந்த முப்பது நாளுக்குள், 'இன்னார் காலமானார், வண்டியை நான் வைத்துக்கொள்ளப் போகிறேன்' என்று ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதையும் வாரிசு எங்கே குடியிருக்கிறாரோ அந்த ஊர் ஆபீஸில் செய்யலாம். நாங்கள் போனது பத்தொன்பதாம் நாள். ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஓசூருக்கு ஒன்று, பழைய ஆபீஸுக்கு ஒன்று என்று ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்தோம். நூறு ரூபாய்கூட ஆகவில்லை. வண்டியைக் கேட்டு வந்தவர் மறுபடி வந்தபோது, அந்தத் தபால் ரசீதை எடுத்துக் காட்டினாள். மனிதர் அப்புறம் தெருப்பக்கம் வரவில்லை.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், என்.ஓ.சி. எல்லாம் சேரத் தை மாதம் ஆயிற்று. வாரிசு என்றால் மனைவி, பிள்ளைகள் மட்டுமில்லை. இந்துக்களில் இறந்தவரின் தாயாரும் வாரிசுதான். அவருடைய சம்மதம் வேண்டும். மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை அவ்வளவு சுமுகமில்லை. கையெழுத்துப் போடுவார்களா என்று எனக்குப் பயந்தான். அந்தம்மா ஆபீஸுக்கே வந்தார்கள். "என் பையன் வண்டி, என் பேரப் பசங்கள ஸ்கூலுக்குக் கொண்டு போகட்டும்" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார்கள். பங்குனியில் டி.என். 70 நம்பரோடு அவள் பெயருக்கே ஆர்.சி. வந்தது.

2021 முதல் ஆர்.சி.யில் நாமினி பெயர் சேர்க்கும் வசதி வந்திருக்கிறது. பாங்க் புத்தகத்தில் போடுகிற மாதிரிதான். புது வண்டி வாங்கும்போதே போடலாம், பிற்பாடும் சேர்க்கலாம். இதைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் சிலர், "என்ன அபசகுனமா பேசறே" என்பார்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது மட்டும் அபசகுனம் தெரியவில்லையாக்கும்!

இன்ஷூரன்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. நம்பர் மாறியதும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியிலும் புது நம்பரையும் விலாசத்தையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்போது பாலிசியைக் கொஞ்சம் படித்தும் பாருங்கள். 2018 முதல், வண்டி ஓட்டும் சொந்தக்காரருக்கான தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் ரூபாய். 'சொந்தக்காரர்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஆர்.சி.யில் யார் பெயரோ அவருக்கு, அதுவும் லைசென்ஸ் இருந்தால் மட்டும். கணவர் பெயரில் உள்ள ஸ்கூட்டரை நாள் முழுக்க ஓட்டுவது நாமாக இருந்தாலும், அந்த 15 லட்சம் நமக்குக் கிடையாது. பிள்ளையைப் பள்ளியில் விட, காய்கறி வாங்க என்று நீங்களே ஓட்டும் வண்டியானால், அதை உங்கள் பெயரிலேயே வாங்கச் சொல்லுங்கள். லைசென்ஸையும் எடுத்துவிடுங்கள்.

வேலை நிமித்தமாக அடிக்கடி மாநிலம் மாறுகிற இளம் தம்பதிகளுக்கு இப்போது 'பி.எச்.' என்கிற பாரத் வரிசை நம்பர் இருக்கிறது. 2021 செப்டம்பர் 15-இல் வந்தது. மத்திய, மாநில அரசு ஊழியர்கள், ராணுவத்தினர், பொதுத்துறை ஊழியர்கள் வாங்கலாம். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் ஆபீஸ் வைத்திருக்கும் தனியார் கம்பெனி ஊழியர்களும் வாங்கலாம். வரியை மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு வருஷமாகக் கட்டலாம். ஊர் மாறினாலும் நம்பர் மாறாது. இவர் வேலை பார்ப்பது ஓசூரில் ஒரே ஒரு ஷெட் உள்ள பட்டறை. எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

துபாயில் இருக்கும் என் தம்பி மகன், "அத்தை, நான் திரும்பி வர்றப்போ என் பைக்கையும் கொண்டு வந்துரவா?" என்று போனில் கேட்டான். மாநிலம் தாண்டியதற்கே இத்தனை காகிதம் என்றால் கடல் தாண்டினால் சும்மாவா? அங்கே உள்ள நம்பர் இங்கே எதற்கும் ஆகாது. சுங்க வரி கட்டி, சுங்க இலாகா கொடுக்கும் சான்றையும் வைத்து, படிவம் 20-இல் புது வண்டியைப் பதிவது போல முதலிலிருந்து பதிய வேண்டும். போதாக்குறைக்கு, அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், முன் விளக்கின் வெளிச்சமும் அதற்கேற்றபடி விழும். இங்கே அது எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். "அங்கேயே வித்துட்டு வா, ஓசூர்ல வாங்காத வண்டியா!" என்று சொல்லிவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

மறந்துவிட்டேனே, வரிப் பணம்! ஓசூரில் புது ஆர்.சி. வந்த பிறகு, அதன் நகல், தமிழ்நாட்டில் வரி கட்டிய ரசீது, என்.ஓ.சி. நகல், அங்கே முன்பு வரி கட்டிய ரசீது, பாங்க் விவரம் எல்லாவற்றையும் இணைத்துப் பழைய ஆபீஸுக்கு விண்ணப்பித்தோம். வண்டி வாங்கி ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் பெரிய தொகை ஒன்றும் இல்லை. புது வண்டியோடு மாறுகிறவர்களுக்குக் கணிசமாகத் தேறும், விட்டுவிடக் கூடாது. அத்தைக்கு வாக்கர் வாங்கவும், நம்பர் எழுதிய புதுப் பலகைக்கும் எங்களுக்கு வந்த பணம் சரியாக இருந்தது.